நரம்புத் தூண்டியும் முழங்கால் சில்லின் துடிப்பும்

உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வட்டார மயக்கத்தில், ஊசிமுனை நரம்பை நெருங்கிவிட்டதா என்பதை அறிய, மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தி, அந்த நரம்பு இயக்கும் தசை துடிக்கிறதா என்று பார்க்கும் முறையை ஜெர்மானிய அறுவை மருத்துவர் கேயார்க் பெர்த்தெஸ் 1912இல் விவரித்தார். அல்ட்ராசவுண்ட் வந்தபின் இதன் தேவை குறைந்ததாயினும், திரையில் நரம்பு தெளிவாகப் புலப்படாத உடல்வாகுகளில் இன்றும் இக்கருவி கைகொடுக்கிறது.

எதிர்மின் முனையை ஊசியோடும் நேர்மின் முனையைத் தோலில் ஒட்டிய பட்டையோடும் இணைப்பதே முறை. மாற்றி இணைத்தால் அதே துடிப்புக்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டியிருக்கும். ஆகவே, துடிப்பு வராதபோது ஊசியைத் திருப்பித் திருப்பித் தேடுவதற்கு முன், இணைப்பு சரியா, தசைத் தளர்வு மருந்து முன்பே கொடுக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

கற்பவர் பெரிதும் ஏமாறும் இடம் தொடை நரம்பு. கவட்டியில் தமனியின் நாடி விரலில் தட்டுப்படும் இடத்துக்குச் சற்று வெளிப்புறமாக, 1 மில்லிஆம்பியர், நொடிக்கு 2 துடிப்பு, 0.1 மில்லிநொடி அகலம் என்ற அளவில் ஊசி இறங்கும்போது, தொடையின் முன்பக்கத்தில் சாய்வாக ஓடும் சார்ட்டோரியஸ் தசையே பெரும்பாலும் முதலில் துடிக்கும். முழங்கால் சில்லோ அசையாதிருக்கும். இது முதன்மை நரம்பிலிருந்து முன்னதாகவே பிரிந்த கிளையின் துடிப்பு என்பதால், இங்கேயே மருந்தைச் செலுத்தினால் பலன் அரைகுறையாக நின்றுவிடக்கூடும். ஊசியைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி ஆழப்படுத்தி, சில்லு மேல்நோக்கித் துள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அதன்பின் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, 0.3 முதல் 0.5 மில்லிஆம்பியரிலும் துடிப்பு நீடித்தால் இடம் சரி எனக் கொள்ளலாம், 0.2க்குக் கீழும் நீடித்தால் முனை நரம்புக்குள்ளேயே இருக்கக்கூடும் என்பதால் சிறிது பின்வாங்க வேண்டும். ஆனால் இதன் மறுதலை உண்மையன்று: முனை நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதும் துடிப்பு எழாமல் போவதுண்டு என்பதை அல்ட்ராசவுண்ட் காட்டியுள்ளது. எனவே எண் எதுவாயினும், மருந்து செலுத்துகையில் கடும் வலியோ தடையோ தென்பட்டால் உடனே நிறுத்துவதே முறை. முதல் ஓரிரு மில்லிலிட்டரிலேயே துடிப்பு அடங்குவதை மருந்து வேலைசெய்ததாகக் கருதலாகாது. மின்கடத்தும் திரவம் மின்னோட்டத்தைப் பரப்பிவிடுவதால், வெறும் உப்புநீருக்கும் அது அடங்கும், 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸுக்கு அடங்காது.

நீரிழிவால் நரம்பு நலிந்தவர்களுக்குத் துடிப்பின் அகலத்தை 0.3 மில்லிநொடியாகவோ அதற்கு மேலோ கூட்ட வேண்டிவரலாம். தொடையெலும்பு முறிந்தவருக்கோ ஒவ்வொரு துள்ளலும் முறிவை அசைத்து வேதனை தரும். அத்தகையோரிடம் தூண்டியை விடுத்து அல்ட்ராசவுண்டையே நம்புவது மேல்.