மூன்று எழுத்து ஆஸ்பத்திரி

கார் நிக்கோபார் தீவில் ஓர் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் பெயர் பி.ஜே.ஆர். ஆஸ்பத்திரி.

அந்த மூன்று எழுத்துக்கு என்ன பொருள் தெரியுமா? பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். பிஷப் என்றால் பேராயர். பல சபைகளுக்கு மேலே இருக்கும் குரு.

குருவின் பெயரைக் கோயிலுக்கு வைப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏன் வைத்தார்கள்?

ரிச்சர்ட்சன் அதே தீவில் மூஸ் கிராமத்துக்காரர். நிக்கோபாரி இனத்தவர். அந்த ஊரில் 1890களில் வேதப்பன் சாலமன் பள்ளிக்கூடம் நடத்தினார். சாலமன் சென்னையிலிருந்து வந்தவர். பெயரைப் பாருங்கள், நம் ஊர்ப் பெயர்! அவரிடம் படித்த சிறுவன்தான் ரிச்சர்ட்சன். மேல்படிப்புக்காகச் சாலமன் அவரைப் பர்மாவுக்கு அனுப்பினார்.

படித்தவர் வெளியூரில் தங்கிவிடவில்லை. ஊருக்குத் திரும்பி ஆசிரியர் ஆனார். பிறகு குருவானார். நிக்கோபாரி மொழிக்குச் சொந்த எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தை வைத்துத்தான் எழுதினார்கள். அப்படி எழுதி, பைபிளை அந்த மக்கள் பேச்சிலேயே கொடுத்தார். தாய்மொழியை முதன்முதலாகக் கூட்டிப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

1942இல் ஜப்பானியப் படை தீவுகளைப் பிடித்தது. ஒற்றர்கள் என்று சொல்லிப் பலரை வதைத்தார்கள். பலர் செத்தார்கள். ரிச்சர்ட்சனும் பிடிபட்டு, உயிர் தப்பினார். 1945இல் போர் முடிந்தது. அந்தக் கஷ்டத்தில் கூட இருந்தவரை மக்கள் மறப்பார்களா?

1950இல் அவர் பிஷப் ஆனார். நிக்கோபாரிகளில் அவரே முதல் பிஷப். 1952இல் முதல் மக்களவையில் தீவுகளுக்காக உட்கார்ந்தவரும் அவரே. ஓட்டுப் போட்டு அல்ல. குடியரசுத் தலைவர் நியமித்தார். தீவு மக்களுக்கு மக்களவைத் தேர்தலில் ஓட்டு 1967இல்தான் வந்தது. அரசு அவருக்குப் பத்மஸ்ரீயும் பிறகு பத்மபூஷணும் கொடுத்தது.

இப்படி ஊரறியச் சிறப்புச் செய்வது பழைய வழக்கம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரத்தார் இதைச் செய்தார்கள். நல்ல பூசாரிக்கு ஊர்ச்சபை கூடி இலைக் கிரீடம் சூட்டும். பெண் பூசாரிகளுக்கும் சிறப்பு உண்டு. செய்தியைக் கல்லில் வெட்டிப் பொது இடத்தில் நிறுத்துவார்கள். நன்மை செய்தவரை ஊர் மறக்காது, அடுத்தவரும் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்தக் கல்லிலேயே எழுதுவார்கள். நாடக அரங்கில் முதல் வரிசை நடுவில் பூசாரிக்குப் பளிங்கு நாற்காலி. அந்த நாற்காலியும் அதில் வெட்டிய எழுத்தும் இன்றும் இருக்கின்றன.

கார் நிக்கோபாரில் நாற்காலி இல்லை. ரிச்சர்ட்சன் 1978இல் காலமானார். காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும், எந்த மதத்தவர் ஆனாலும், அந்த மூன்று எழுத்தைத் தேடித்தான் போகிறார்கள்.