எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் நம் கணக்கும்



சரக்கு எடுக்கும்போது எடை, தரம், விலை மூன்றையும் பார்க்கிற நாம், வீட்டுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது விலையை மட்டுமே கேட்கிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. எங்கள் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு, நனைந்த பாக்ஸை வெயிலில் காயவைத்து மறுபடியும் மாட்டினோம். சில வாரம் கழித்து ஓர் இரவு கருகல் வாடை. மருமகள் எழுந்து மெயினை அணைத்ததால் தப்பினோம். கழற்றிப் பார்த்தால் பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு. ஒரு துவாரம் உருகியே போயிருந்தது.

காரணம் இதுதான். பிளக்கின் பின்னும் உள்ளே உள்ள தகடும் இறுக்கமாகச் சேர வேண்டும். களிம்பு பிடித்தாலோ தளர்ந்தாலோ அந்த இடத்தில் சூடு ஏறும். நம் ஊர் உப்புக்காற்றுக்கு வெள்ளம் வராமலே களிம்பு பிடிக்கும்.

இனி கணக்கு. வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர். 6 ஆம்பியர் பாக்ஸ் தாங்குவது 1380 வாட். 1000 வாட் அயர்ன் பாக்ஸும் 750 வாட் மிக்ஸியும் ஒரே நேரத்தில் ஓடினால் 1750 வாட், அதாவது ஏழரை ஆம்பியருக்கு மேல். மின்னோட்டம் இரு மடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்காகும். ஆறு துவாரம் இருந்தால் தாங்கும் அளவு கூடிவிடாது. ஒரு மூட்டை அரிசியை ஆறு பையில் போட்டால் அரிசி கூடுமா?

"எம்.சி.பி. இருக்கிறதே" என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவருக்குள் போகும் வயரைக் காப்பது. 6 ஆம்பியர் பாக்ஸில் 10 ஆம்பியர் ஓடினாலும் அது விழாது.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஆம்பியர் அளவும் பார்த்து, மூன்று பின் உள்ளதையே வாங்குக.

2. ஃபிரிட்ஜ், ஹீட்டர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றை நேராகச் சுவர் பாயிண்ட்டில் மாட்டுக.

3. ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் சொருக வேண்டாம்.

4. வயரைச் சுருட்டியோ, பாய்க்கு அடியிலோ, சாக்குக்கு அடியிலோ வைக்க வேண்டாம். சூடு வெளியேறாது.

5. தொட்டால் சுட்டாலோ, பிளக் ஆடினாலோ, நிறம் மாறினாலோ, தண்ணீர் புகுந்தாலோ பாக்ஸை மாற்றிவிடுக. டேப் சுற்றி ஓட்ட வேண்டாம்.

6. தீப்பிடித்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது.

நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. சாக்கும் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் முதலையே இழக்கலாமா? இன்றிரவு கடை அடைத்ததும் வீட்டிலுள்ள பாக்ஸ்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.