உனக்கு விழுந்த சீட்டு

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நகரத்துப் பெரிய ஆலயத்தில் இடம் கிடைக்கவில்லை, கிராமத்துச் சபையில் கீபோர்டு வாசிக்க விட்டிருக்கிறார்கள், தாலந்து வீணாகிறதே என்று எழுதியிருக்கிறாய். அந்த ஏக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. வெறும் பெயர்ப்பட்டியல் என்று பலரும் புரட்டிவிடும் பகுதி அது. ஆலயப் பாடலுக்கென்று தாவீது பிரித்து வைத்தவர்கள் 288 பேர், எல்லாரும் தேர்ந்தவர்கள். யாருக்கு எந்த முறை என்று சீட்டுப் போட்டார்கள். சிறியவன் பெரியவன், ஆசான் மாணவன் என்று பார்க்கவில்லை. 24 முறை, முறைக்கு 12 பேர். முதல் சீட்டு ஆசாபின் மகன் யோசேப்புக்கு விழுந்தது. கடைசிச் சீட்டு ஏமானின் மகன் ரொமந்தியேசருக்கு. அவனும் அதே ஆண்டவருக்கு முன்பாகத்தான் பாடினான். உனக்கு விழுந்த சீட்டு இந்தச் சபை.

உன் வாசிப்பில் தாழ்மை இருக்கிறதா என்பதை முன்வரிசைப் பாட்டிமார்களின் தொண்டை சொல்லிவிடும். பாமாலையில் சில ராகங்கள் அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. தயங்காமல் சுருதியை இறக்கு. கீர்த்தனையில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது சபையார் இழுத்துத்தான் பாடுவார்கள். ரிதத்தை அணைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து மூச்சுவிடு. அடக்க ஆராதனைக்குக் கூப்பிட்டால், கல்யாணத்துக்குப் பழகுவதைவிடக் கூடுதலாகப் பழகிக்கொண்டு போ. அழுகிறவர்கள் பாதி வரியில் நிறுத்திவிடுவார்கள். நீ ராகத்தை விடாமல் பிடித்திருந்தால், அடுத்த வரியிலாவது வந்து சேர்ந்துகொள்வார்கள். ஆலயத்தில் இதைவிடப் பெரிய ஊழியம் ஒரு வாத்தியத்துக்கு உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

பணம் பற்றிக் கேட்டிருந்தாய். பேருந்துச் செலவையாவது தரச்சொல்லிச் சபைக் கமிட்டியிடம் நேரே கேள். கேட்பதால் தாழ்மை குறையாது.

எதிர்பார்ப்பை விட்டுவிடு என்றும் நான் சொல்லவில்லை. நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பிழைப்பு, தமிழாசிரியர் வேலை. 'இரட்சணிய யாத்திரிகம்' நூலாக வெளிவந்தது 1894இல், எழுபதை நெருங்கிவிட்டார். அதற்கு முன் 'நற்போதகம்' இதழில் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது. வகுப்பில் பாடம் நடத்தியபடியேதான் இத்தனை காலம் கைக்குள் ஒரு காப்பியத்தை வளர்த்திருக்கிறார். பெரிய காரியம் வரட்டும், பிறகு முழுமனதோடு செய்யலாம் என்று அவர் தள்ளிவைத்திருந்தால் நமக்கு அந்த நூல் கிடைத்திருக்காது.

ஞாயிறு காலை கீபோர்டு முன் உட்காரும்போது, இன்று ஆண்டவர் இங்கே யாரோ ஒருவரோடு பேசப்போகிறார் என்று நம்பி உட்கார். அது யார் என்று உனக்குத் தெரியாமலே போகலாம், அப்படியும் நம்பு. இருபது பேர் வந்திருந்தாலும் இருநூறு பேருக்குப் பழகியதுபோலப் பழகிவிட்டு வா. பாட்டுப் பட்டியலை வெள்ளிக்கிழமையே ஐயரிடம் வாங்கி, பாட்டின் சொற்களை வாய்விட்டு வாசி. சொல் மனதில் இறங்காமல் விரல் மட்டும் ஓடினால் சபையாருக்கு உடனே தெரிந்துவிடும்.

நகரத்திலிருந்து அழைப்பு வந்தால், ஜெபித்து, ஐயரிடமும் கலந்து பேசிவிட்டு, சந்தோஷமாகப் போ. ஆனால் உன் இடத்தில் உட்கார ஒரு பிள்ளையைப் பழக்காமல் போகாதே. ஓய்வுநாள் பள்ளியில் சுருதி சேர்ந்து பாடும் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். இந்த வாரமே கண்டுபிடித்து, பெயரை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்