பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகள்

அன்புள்ள பேத்திக்கு,

வரலாற்றுப் புத்தகத்தில் ஆங்கிலேயத் தளபதிகளின் பெயருக்குப் பின்னால் கே.சி.பி., டி.எஸ்.ஓ., எம்.சி. என்றெல்லாம் வருகிறதே, அவை படிப்புப் பட்டங்களா என்று கேட்டிருந்தாய். படிப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பிரிட்டிஷ் அரசர்களும் அரசிகளும் படை அதிகாரிகளுக்குக் கொடுத்த சிறப்புகள் அவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அரசாணை இருக்கும். எந்தப் பதவிக்குக் கீழே இருப்பவருக்கு இது கிடையாது என்று அந்த ஆணையில் ஓரிடத்தில் எழுதியிருக்கும். நீ முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான். அரண்மனையின் கண்ணுக்கு யார் தெரிந்தார்கள், யார் தெரியவில்லை என்பது அதிலேயே புலப்பட்டுவிடும்.

கே.சி.பி.யிலிருந்து தொடங்குகிறேன். ‘ஆர்டர் ஆஃப் தி பாத்’ என்ற அமைப்பை 1725-ல் முதலாம் ஜார்ஜ் மன்னர் நிறுவினார். அப்போது அதில் ஒரே வகுப்பு. மொத்தம் 36 பேருக்குத்தான் இடம். நம் சென்னைக் கோட்டைக்குள் ‘வெல்லெஸ்லி ஹவுஸ்’ என்று ஒரு கட்டடம் இருக்கிறதல்லவா, அந்த ஆர்தர் வெல்லெஸ்லி மராத்தியப் போர்களுக்குப் பிறகு 1804-ல் அதில் சேர்க்கப்பட்டார். பின்னாளில் அவரே வெலிங்டன் பிரபு ஆனார். நெப்போலியனோடு நடந்த நீண்ட போர்கள் முடியும் வேளையில், 1815 ஜனவரியில், அதை மூன்று வகுப்புகளாக விரித்தார்கள். மேல் வகுப்பில் 72 பேர். மேஜர் ஜெனரலுக்குக் கீழே யாருக்கும் அங்கே இடமில்லை. அடுத்த வகுப்பான கே.சி.பி.யில் 180 பேர். அதற்கு லெப்டினன்ட் கர்னலாகவாவது இருக்க வேண்டும். எல்லைக்கோடு எவ்வளவு உயரத்தில் போடப்பட்டது என்று பார்.

அதே போர்களில் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் வென்றதற்காகத் தங்கப் பதக்கங்களும் தரப்பட்டன. அவை தளபதிகளுக்கும் பட்டாலியனை நடத்திய அதிகாரிகளுக்கும் உரியவை. வெலிங்டனுக்கு ஒன்பது பட்டைகள் கோத்த தங்கச் சிலுவை கிடைத்தது. அவருக்குக் கீழே நடந்து, சுட்டு, குண்டடி பட்ட சாதாரணச் சிப்பாய்க்கு அந்தப் போர்களுக்காக ஒன்றுமே கிடைக்கவில்லை. வாட்டர்லூ போருக்கு மட்டும் தளபதி முதல் சிப்பாய் வரை எல்லாருக்கும் ஒரே வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். மற்றப் போர்களில் நின்றவர்கள் 1847 வரை காத்திருந்தார்கள். அப்போதும் உயிரோடு இருந்து, விண்ணப்பித்தவர்களுக்கே பதக்கம். முப்பது ஆண்டுகளில் எத்தனை பேர் அதைப் பார்க்காமலே செத்திருப்பார்கள்! படிக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இந்த வழக்கத்தை உடைத்தது விக்டோரியா கிராஸ். கிரைமியப் போரில் சிப்பாய்கள் பட்ட பாட்டைச் செய்தித்தாள்கள் வீடு வீடாகக் கொண்டு சேர்த்த காலம் அது. 1856 ஜனவரி 29 அன்று கையெழுத்தான ஆணையில் பதவி, சேவைக் காலம், உடல் காயம் எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது, எதிரியின் முன் காட்டிய துணிச்சல் ஒன்றே தகுதி என்று எழுதப்பட்டது. பதக்கமும் தங்கமோ வெள்ளியோ அல்ல, வெறும் வெண்கலம். 1857 ஜூன் 26 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் விக்டோரியா அரசி குதிரைமேல் அமர்ந்தபடியே 62 பேருக்குத் தம் கையால் அந்தப் பதக்கத்தைக் குத்திவிட்டார். அந்த வரிசையில் அதிகாரிகளும் சாதாரணச் சிப்பாய்களும் கலந்து நின்றார்கள். அரச விருதுகளின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அது.

ஆனால் அந்தச் சமத்துவமும் இந்தியர்வரை எட்டவில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கு வேறு ஏற்பாடு. கிழக்கிந்தியக் கம்பெனி 1837-ல் இரண்டு விருதுகளை உருவாக்கியிருந்தது. வீரத்துக்கு ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’. சுபேதார், ஜமேதார் போன்ற இந்திய அதிகாரிகளின் நீண்ட, விசுவாசமான சேவைக்கு ‘ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’. இந்த இரண்டாவதைப் பெற்றவர் பகதூர் என்றோ, அதன் மேல்வகுப்பில் சர்தார் பகதூர் என்றோ போட்டுக்கொள்ளலாம். பட்டத்தில் குறைவில்லை. ஆனால் தலை நரைத்த சர்தார் பகதூரும், நேற்று இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய இளம் வெள்ளை அதிகாரிக்குப் பணிய வேண்டும். பட்டத்தையும் அதிகாரத்தையும் குழப்பிக்கொள்ளாதே கண்ணு. ஒன்றைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு மற்றொன்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள முடியும்.

1911 டில்லி தர்பாரில்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் விக்டோரியா கிராஸை இந்தியர்களுக்கும் திறந்துவிட்டார். அதை முதலில் பெற்ற இந்தியப் படைவீரர் பலூச் படைப்பிரிவைச் சேர்ந்த குதாதாத் கான் என்ற சிப்பாய். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹோலபெக்கில் அவருடைய இயந்திரத் துப்பாக்கிக் குழுவின் பிரிட்டிஷ் அதிகாரி காயம்பட்டார். இன்னொரு துப்பாக்கி பீரங்கிக் குண்டில் சிதைந்தது. தானும் காயத்தோடு, கூட இருந்த ஐந்து பேரும் இறக்கும்வரை குதாதாத் சுட்டுக்கொண்டே இருந்தார். பிழைத்துத் திரும்பி, பின்னர் சுபேதாராக ஓய்வு பெற்றார்.

இனி டி.எஸ்.ஓ., எம்.சி. முதலாவதான ‘டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர்’ 1886-ல் வந்தது, அதிகாரிகளுக்கு மட்டும். முதல் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில், எதிரியின் குண்டுச் சத்தம்கூடக் கேட்காத இடத்தில் கோப்பு பார்த்த அதிகாரிகளுக்கும் அது வழங்கப்பட்டது. பதுங்குகுழியில் இருந்தவர்கள் இதை வெறுத்தார்கள், வெறுத்தது நியாயமே. 1917 முதல் எதிரியின் முன் செய்த செயலுக்கே தர வேண்டும் என்று கட்டளையானது. எம்.சி. என்பது மிலிட்டரி கிராஸ், 1914 டிசம்பரில் கேப்டனுக்கும் அவருக்குக் கீழ்ப்பட்ட இளம் அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் ஏற்பட்டது. மற்றவர்களுக்கு 1916-ல் மிலிட்டரி மெடல். ஒரே அகழியைப் பிடிக்க ஒன்றாகப் பாய்ந்த கேப்டனுக்குச் சிலுவை, சார்ஜெண்டுக்கு மெடல். இந்தப் பாகுபாடு 1993 வரை நீடித்தது. பிரதமர் ஜான் மேஜர் காலத்துச் சீர்திருத்தத்தில் மிலிட்டரி மெடலை நிறுத்திவிட்டு, மிலிட்டரி கிராஸை எல்லாப் பதவியினருக்கும் பொதுவாக்கினார்கள். 77 ஆண்டுகள் ஆயிற்று இந்தச் சின்னத் திருத்தத்துக்கு.

இன்னொரு பெயரை நீ அறிந்துகொள்ள வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடிகளை அகற்றும் வேலையில் ஒரு வெடி தூண்டப்பட்டுவிட்டது. கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் பாய்ந்து விழுந்து உயிர்விட்டார். அவர் இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1940-ல் நிறுவிய விருது அது. எதிரியோடு நேருக்கு நேர் மோதாத தருணங்களில் காட்டும் உச்சத் துணிவுக்கு உரியது. வரிசை முறையில் விக்டோரியா கிராஸுக்குச் சமம் என்றே வைத்திருக்கிறார்கள்.

உன் புத்தகத்தில் இருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள். வி.சி. (விக்டோரியா கிராஸ்), ஜி.சி. (ஜார்ஜ் கிராஸ்) பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது ‘லண்டன் கெஜட்’ அரசிதழில் தனித்தனியாக அச்சாகியிருக்கும், தேடினால் கிடைக்கும். கே.சி.பி. பட்டியலில் பெரும்பாலும் பெயரும் பதவியும்தான் இருக்கும். இரண்டு வகையிலும் எத்தனை பேர் தேறுகிறார்கள், அதில் இந்தியர் எத்தனை பேர் என்று பிரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா