பேஸ்மென்ட் அறைக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன் ஜன்னலை அளந்து பாருங்க



அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலர் முதலில் தங்குவது ஏதாவது ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில்தான். வாடகை குறைவு, நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம், காலேஜுக்குப் பஸ் வசதி இருக்கு என்று காரணங்கள் உண்டு. நாமும் இங்கிருந்தே வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ பார்த்துவிட்டு அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறோம். கட்டில், மேஜை, அலமாரி எல்லாம் அந்தப் போட்டோவில் இருக்கும். ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை: "அறையில் ஜன்னல் இருக்கா? அது வழியா ஒரு ஆள் வெளியே வர முடியுமா?"

நம்ம ஊரில் பேஸ்மென்ட் என்றாலே வண்டி நிறுத்துற இடம்தான். அதனால் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றுவதில்லை. அந்த நாடுகளிலோ இதற்கென்று தனி விதியே இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

படி இருக்கும்போது ஜன்னல் எதற்கு?

பேஸ்மென்ட்டிலிருந்து மேலே வர பல வீடுகளில் ஒரே ஒரு படிக்கட்டுதான். அது நேராக வீட்டுக்குள், சமையலறைப் பக்கமோ ஹால் பக்கமோ போய்ச் சேரும். மேலே தீப்பிடித்தால் படியின் வாசல் அடைபட்டுவிடும். கீழேயே தீப்பிடித்தால், புகை மேலே போவதும் அதே படி வழியாகத்தான். ஆக, எங்கே தீப்பிடித்தாலும் முதலில் கைவிட்டுப் போவது படிக்கட்டுதான். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் மிஞ்சுகிற ஒரே வழி ஜன்னல். தீயணைப்பு வீரர் உள்ளே வரவும் அதுதான் வழி. இதை அங்கே 'எக்ரெஸ் விண்டோ' என்பார்கள், அதாவது அவசரத்தில் வெளியேறும் ஜன்னல்.

விதி கேட்கும் அளவுகள்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் 'இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட்' என்ற மாதிரி விதிநூலைச் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகின்றன. பேஸ்மென்ட்டில் படுக்கையறை இருந்தால், ஒவ்வொரு படுக்கையறையிலும் இப்படி ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறது அந்த நூல். முக்கிய அளவுகள் இவை:

1. திறந்த இடைவெளியின் உயரம் குறைந்தது 24 அங்குலம்.
2. அகலம் குறைந்தது 20 அங்குலம்.
3. மொத்தத் திறப்பு குறைந்தது 5.7 சதுர அடி. தரைமட்டத்தை ஒட்டிய ஜன்னலுக்கு 5 சதுர அடி போதும்.
4. அறையின் தரையிலிருந்து திறப்பின் அடிவிளிம்பு 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது.
5. சாவி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் இல்லாமல், உள்ளிருந்தே கையால் திறக்க வேண்டும்.
6. கிரில் போட்டிருந்தால் அதுவும் உள்ளிருந்தே சாவி இல்லாமல் எளிதாகக் கழன்றுவர வேண்டும்.

ஜன்னல் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால், வெளிப்பக்கம் ஒரு குழி வெட்டி விட்டிருப்பார்கள். அந்தக் குழி குறைந்தது 9 சதுர அடி இருக்க வேண்டும். அகலமும் சுவரிலிருந்து வெளியே நீளும் அளவும் தலா 36 அங்குலம். குழி 44 அங்குலத்துக்கு மேல் ஆழமானால், ஏறி வர ஏணியோ படியோ நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும்.

கணக்கில் ஏமாறாதீங்க!

இங்கேதான் பலர் தப்பு பண்ணுகிறார்கள். 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள்: 480 சதுர அங்குலம். 144-ஆல் வகுத்தால் 3.3 சதுர அடிதான் வரும். 5 சதுர அடி வேண்டுமென்றால், 20 அங்குல அகல ஜன்னல் 36 அங்குல உயரத்துக்குத் திறக்க வேண்டும். 24 அங்குல உயரம்தான் என்றால் அகலம் 30 அங்குலம் வேண்டும்.

இன்னொன்று, அளக்க வேண்டியது கண்ணாடியை இல்லை, திறக்கும் இடைவெளியை. பக்கவாட்டில் தள்ளும் ஸ்லைடிங் ஜன்னல் 4 அடி அகலம், 3 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க 12 சதுர அடி. ஆனால் பாதிதான் திறக்கும். சட்டம் போக 22-க்கு 33 அங்குலம் கிடைத்தால், திறப்பு 5.04 சதுர அடி. 5 அடி விதிக்கு மயிரிழையில் பாஸ், 5.7-க்கு ஃபெயில். பழைய வீடுகளில் கூரையை ஒட்டி 15 அங்குல உயரத்தில் நீளவாக்கில் ஒரு ஜன்னல் இருக்கும். அது வெளிச்சத்துக்கு மட்டும்தான். ஆள் வெளியேற உதவாது.

கனடாவில் என்ன?

நம்மவர்கள் நிறைய பேர் வாழும் டொரன்டோ, ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே வெளியேறும் ஜன்னலின் திறப்பு குறைந்தது 0.35 சதுர மீட்டர்; எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இதிலும் அதே கணக்குதான்: ஒரு பக்கம் 380 என்றால் மறுபக்கம் 920 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். விளம்பரத்தில் 'டென்' என்று போட்டிருந்தால் கவனமாக இருங்கள். ஜன்னலே இல்லாத அறையையும் அப்படிச் சொல்லி வாடகைக்கு விடுவது உண்டு.

போனிலேயே செக் பண்ணுவது எப்படி?

• போட்டோ போதாது, வீடியோ காலில் காட்டச் சொல்லுங்க. ஜன்னலை முழுசாகத் திறந்து, டேப் வைத்து திறப்பின் அகலம், உயரம், தரையிலிருந்து விளிம்பு வரை உள்ள உயரம் மூன்றையும் அளந்து காட்டச் சொல்லலாம்.
• அப்படியே வெளியே போய் ஜன்னல் குழியையும் காட்டச் சொல்லுங்க. மூடி இருந்தால் அது உள்ளிருந்து திறக்குமா என்று கேளுங்க.
• ஸ்மோக் அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் எங்கே இருக்கு என்று கேட்டு, பட்டனை அழுத்தி சத்தம் வருவதைக் காட்டச் சொல்லுங்க.
• அந்த நகரத்தின் கட்டடத் துறை இணையதளத்தைப் பாருங்க. பல நகரங்களில் முகவரியைப் போட்டாலே அனுமதி விவரம் வரும். நியூயார்க்கில் அந்தக் கட்டடத்துக்கு என்ன பயன்பாட்டுச் சான்று கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம்.

"பழைய வீடு, அந்த விதி இதுக்குப் பொருந்தாது" என்று ஓனர் சொல்லலாம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விதி பொருந்தாததால் அறை பாதுகாப்பாகிவிடாது. வேறு அறை பாருங்க.

தண்ணீர் வந்தால் வேறு கதை

2021 செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் மிச்சம் நியூயார்க் நகரில் கொட்டித் தீர்த்தது. நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் இருந்தவர்கள். 2024 ஜூலை 27-இல் டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட் நூலகத்தில் வெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். வெள்ளத்தில் ஜன்னல் குழிதான் முதலில் நிரம்பும். அதனால் தண்ணீர் விஷயத்தில் ஜன்னலை நம்பக்கூடாது. வெள்ள எச்சரிக்கை போனில் வந்த உடனே, பொருளை எடுத்து வைக்க நிற்காமல் மேலே ஏறிவிடச் சொல்லுங்க.

குடிபோன பிறகு

முதல் நாளே ஜன்னலைத் திறந்து, அது வழியா ஒரு தடவை வெளியே ஏறிப் பார்க்கச் சொல்லுங்க. முடியவில்லை என்றால் பகலிலேயே தெரிந்துவிடும். ஜன்னலுக்கு முன்னால் அலமாரி வைக்க வேண்டாம். பனிக்காலத்தில் குழியில் விழும் பனியை அவ்வப்போது வாரிப் போட வேண்டும். இரண்டு நாட்டிலும் அவசர எண் 911.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? முதலில் ஓனருக்கு ஈமெயிலில் எழுத்து மூலமாகக் கேளுங்க. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் பேசச் சொல்லுங்க. நகராட்சியில் புகார் கொடுத்தால் அறையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வரவும் வாய்ப்பு உண்டு. எனவே மாற்று இடம் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு புகார் கொடுப்பது நல்லது.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது இப்போது பேஸ்மென்ட்டில் தங்கியிருந்தால், இன்றைக்கு போன் பேசும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்டதும் ஜன்னலையும் ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லுங்க.