மினிமம் ட்யூ கட்டினால் கடன் தீராது

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் மொத்த பாக்கிக்குக் கீழே ஒரு சின்னத் தொகை இருக்கும்: மினிமம் ட்யூ. கை இறுகிய மாதத்தில் அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, வங்கியிலிருந்து போன் வராது. சம்பளக்காரர்கள் பலர் வருடக்கணக்கில் கடனில் உழல்வது இந்தத் தொகையை நம்பித்தான்.

ஒரு லட்சம் ரூபாய் பாக்கி என்று வையுங்கள். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42. நம் கார்டுகளில் இது சகஜமான விகிதம். ஒரு மாத வட்டி 3,500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 630, ஆக 4,130. மினிமம் ட்யூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 5,000. அசலில் குறைவது வெறும் 870 ரூபாய். பாக்கி நிற்கும்வரை வட்டியில்லாக் காலமும் கிடையாது. புதிதாக வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

அதனால் முதலில் அந்தக் கார்டில் செலவை நிறுத்துங்கள். ஆப்களில் சேமித்து வைத்த கார்டு விவரங்களை இன்றே அழித்துவிடுங்கள். தானாகக் கழியும் சந்தாக்களைச் சம்பளக் கணக்குக்கு மாற்றுங்கள்.

அடுத்து, கடனை இடம் மாற்றுங்கள். அதே ஒரு லட்சத்தை 15 சதவீதத்தில் பர்சனல் லோனாக வாங்கிக் கார்டை முழுதாக அடைத்தால், 24 மாதத்துக்குத் தவணை ஏறத்தாழ 4,850 ரூபாய். முதல் மாத மினிமம் ட்யூவைவிடக் குறைந்த தொகை, இரண்டே ஆண்டில் கடன் முடிந்துவிடும்! லோன் வட்டிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. கார்டு வங்கியே தரும் இஎம்ஐயில் அது உண்டு. பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். தவணை தவறும் முன்பே விண்ணப்பிப்பது முக்கியம். சிபில் ஸ்கோர் சரிந்தபின் இந்த வட்டிக்கு யாரும் தர மாட்டார்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் பெரும்பாலும் இன்னும் மலிவு. நகையை அடகு வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பாக்கி தீர்ந்த கார்டை மீண்டும் தேய்த்தால் கடன் இரண்டாகிவிடும். ஒரு கார்டு போதும், மற்றவற்றை மூடுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் வங்கி 7 வேலைநாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பல கார்டுகளில் பாக்கி இருந்தால் வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். போனஸ், இன்கிரிமென்ட் எல்லாம் அதற்கே போகட்டும்.

“பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்” என்று வங்கித் தரப்பில் செட்டில்மென்ட் பேசுவார்கள். வேறு வழியே இல்லாதவர்கள் தவிர யாரும் ஒத்துக்கொள்ள வேண்டாம். சிபில் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்பதற்குப் பதில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, பல ஆண்டுகள் கூடவே வரும். வங்கி வேலைக்கு முயல்கிறவர்களுக்கு இது நேரடியான ஆபத்து. கடன் வரலாறு சரியில்லை என்று ஸ்டேட் பாங்க் ஒரு பணி நியமனத்தை ரத்து செய்ததை, 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லும் என்றது.

ஏற்கெனவே தவணை தவறியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கார்டும் சம்பளக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், பாக்கிக்காகக் கணக்கிலுள்ள பணத்தைப் பிடிக்கும் உரிமையைப் பல வங்கிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. அந்த வங்கியோடு இப்போதே பேசித் தவணையை முடிவு செய்யுங்கள்.

வசூல் ஏஜென்ட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. அலுவலகத்திலோ உறவினரிடமோ உங்களை அவமானப்படுத்தவும் கூடாது. மீறினால் தேதி, நேரம், அழைத்த எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வங்கிக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழி கேட்க 14448க்கு அழையுங்கள்.