ஓட்டு வீடும் முற்றமும்: மழைக்கும் கோடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

முற்றமும் திண்ணையும் சுண்ணாம்புச் சுவருமாக நிற்கும் வீடுகள், ஐப்பசி கார்த்திகையில் விட்டுவிட்டுப் பெய்யும் மழையை எண்ணிக் கட்டியவை. இப்போது ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அதற்காக வீட்டை இடிக்க வேண்டியதில்லை.

1. புரட்டாசியிலேயே ஓடு மாற்றுபவரை அழைத்துவிடுங்கள். கூரைகள் கூடும் மூலையில்தான் முதலில் ஒழுகும். அங்குள்ள தகரத்தில் சேர்ந்த சருகை அள்ளுங்கள்; துருவேறியிருந்தால் இன்னும் அகலமான தகரம் போடுங்கள்.

2. முற்றத்தில் பத்து வாளித் தண்ணீரை மளமளவென்று ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் தூம்பு போதவில்லை, பெரிதாக்குங்கள்.

3. முற்றத்தைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடாதீர்கள். வீட்டுச் சூடு வெளியேறும் வழி அது. திருட்டு பயம், குரங்குத் தொல்லை என்றால் கம்பி வலை போதும்.

4. சுண்ணாம்புச் சுவரில் காரை பெயர்ந்தால் சிமெண்டு பூசவே பூசாதீர்கள். பழைய வீடுகளை மழையைவிட அதிகம் கெடுப்பது இதுதான் என்பேன். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. உள்ளே சிக்கிய ஈரம் மேலேறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். நன்றாக ஊறிய நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீர் விட்டுக் குழைத்துப் பூசச் சொல்லுங்கள். சில நாள் ஈரம் காயாமல் தெளித்துவர வேண்டும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

5. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் ஒழுகினால் மேலே கான்கிரீட் போடாதீர்கள். தேக்கு உத்திரம் சுமை தாங்காது. சுவருக்குள் புதைந்த உத்திர முனைகளை ஆணியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் தச்சரை உடனே கூப்பிடுங்கள். பங்குனிக்குள் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் கோடையில் கீழ் அறை குளிரும்.

6. 2018 கஜா புயலில் காவிரி டெல்டாவில் எத்தனையோ கூரைகள் பறந்தன. காற்று முதலில் பிடிப்பது ஓரத்தையும் முகட்டையும்தான். முகட்டு ஓடுகளைச் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, ஓர ஓடுகளைக் கம்பியால் சட்டத்தோடு கட்டுங்கள்.

7. கோடையில் பகலில் சன்னலைச் சாத்தி, இரவில் திறந்து வையுங்கள்.

8. தெரு உயர உயரத் திண்ணை தாழ்ந்துபோகிறது. மழைநீர் நேரே நடைக்குள் வருகிறது. புதிதாகத் தார் போடுமுன் பழைய சாலையைச் சுரண்டியெடுக்கச் சொல்லி, தெருவார் எல்லோரும் கையெழுத்திட்டு உள்ளாட்சி அலுவலகத்தில் இப்போதே மனு கொடுங்கள்.